தலைக்கு டை

மூட்டை தூக்குகிறவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தலையில் ஒரு நரை தெரியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியை வைத்துக்கொண்டு டை அடித்துக்கொள்வார். அவர் மனைவியின் அண்ணன் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதைப் பார்த்து அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மழை பேஞ்சா வீடு ஒழுகுது, இவருக்குத் தலைக்கு டை கேக்குது! எனக்கு நரைக்கலையா? நான் இப்படியேதான் ஆபீஸ் போறேன். அந்தக் காசுல ரெண்டு ஓடு வாங்கிப் போடலாம்ல, மாப்ள?"

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அந்த மாதம் டை வாங்காமல் ஓடு வாங்கிப் போட்டார். ஒழுகல் நின்றது. காதோரம் வெளுக்கத் தொடங்கிய தலை, மாதக் கடைசியில் முடியை ஒட்ட வெட்டியதும் பஞ்சாகிவிட்டது.

மார்க்கெட் வாசலில் தினம் ஒரு லாரி, தினம் ஒரு மேஸ்திரி. வரிசையாக நிற்கிறவர்களை ஒரு பார்வை பார்த்து, "டேய், நீ வா, நீ வா" என்று ஆள் பொறுக்குவார்கள். யார் எவ்வளவு தூக்குவார் என்று விசாரிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அன்றைய மேஸ்திரியின் விரல் இவர்மேல் வந்து நின்றது. குரல் தானாகத் தணிந்தது.

"பெரியவரே, வெயில் ஏறுது. நீங்க அப்படி நிழல்ல உக்காருங்க."

முப்பது வருஷத்தில் அந்த வாசலில் அவருக்குக் கிடைத்த முதல் மரியாதை. அது அன்றைய கூலியைத் தின்றுவிட்டது.

அவர் உட்காரவில்லை. நேராகக் கடைக்குப் போய் டை கேட்டார்.

"என்ன, வீட்ல கல்யாணமா?" என்று சிரித்தார் கடைக்காரர்.

"இல்லப்பா. நாளைக்கு வேலைக்குப் போகணும்."