இரண்டு வேளைச் சோற்றுக்குச் சமம்

ராமாமணிக்கு வாய் கொஞ்சம் தாராளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். கணபதி என்ற ஊரில் அவள் குடியிருந்த வரிசை வீட்டு வளவில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் மருத்துவச்சிக்கு முன்னால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள், வலிக்கிறவளுக்குப் பாதி வலி மறந்துபோகும். மில் வேலைக்காரனான புருஷன் ரங்கராஜ் காசநோயில் போன பிறகு, அந்த வாயையும் எட்டாம் வகுப்புப் படிப்பையும் நம்பித்தான் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாகச் சேர்ந்தாள். அங்கேதான் டாக்டர் ஹபீபுன்னிசாவின் கண்ணில் பட்டாள்.

டாக்டரம்மாவுக்கு எந்நேரமும் ஒரே யோசனை. கிராமத்துப் பிள்ளைகள் ஏன் இத்தனூண்டாகப் பிறக்கின்றன, ஏன் பத்து நாள் தாண்டுமுன் போய்ச் சேருகின்றன? கர்ப்பிணிக்கு நாலு மாதம் சத்தாகக் கொடுத்தால் இது மாறுமா? இதைக் கண்டுபிடிக்க 1964இல் அன்னூர்ப் பக்கம் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டு, அங்கே வேலை பார்க்க ராமாமணியைச் சேர்த்துக்கொண்டார். வேலங்காட்டுப்புதூரில் கர்ப்பிணிகளுக்குத் தினம் ஓர் உருண்டை. கம்பும் கடலைக்காயும் வறுத்து இடித்து நாட்டுச் சர்க்கரை சேர்த்துப் பிடித்தது. கூட ஒரு டம்ளர் பால். இன்னொரு ஊரில் எடை பார்ப்பது மட்டும்தான். அந்த ஊர்க்காரிகள் என்ன பாவம் செய்தார்கள் என்று ராமாமணி கேட்டாள். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நிரூபிக்க முடியாது என்றார் டாக்டரம்மா. உருண்டையை ஊர்ப் பொதுச் சாவடியில் ராமாமணியின் கண்ணெதிரிலேயே தின்ன வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. எடுத்துப்போனால் கர்ப்பிணிக்கு வாசனைதான் மிஞ்சும் என்பது தெரிந்த மனுஷிதான் டாக்டரம்மா.

வேலங்காட்டுப்புதூரில் காளியாத்தாளுக்கு ஐந்தாம் மாதம். இருபத்திரண்டு வயது. முதல் பிள்ளை செத்தே பிறந்தது. இரண்டாவது ஏழாம் நாள் போனது.

"இதாச்சும் தங்கோணுங்க அக்கா," என்று முதல் நாள் கிணற்றடியில் ராமாமணியிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் அழக்கூட இல்லை. ராமாமணிக்குப் பிள்ளையே கிடையாது. அந்த நிமிஷம் முதல் காளியாத்தாளின் வயிற்றில் இருப்பது தனக்கும் வேண்டிய பிள்ளை ஆகிவிட்டது.

ஆனால் மாமியார் பாப்பாயி மருமகளை அனுப்ப மாட்டேன் என்றாள்.

"ஏனுங்க அம்மணி, தெனமும் அங்க வந்து உக்காந்துட்டா காட்டு வேலைய ஆருங்க பாக்கறது? அதும்போக, வவுத்துல புள்ள பெருத்துப்போட்டா பெத்துப் பொழைக்கறது எப்படிங்க?"

பாப்பாயி கொடுமைக்காரி இல்லை. கிணறு வறண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் ஆறு வாய். குதிரில் சோளம் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ராமாமணி அதையெல்லாம் கண்ணால் பார்த்தாள். பார்த்த பிறகாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? இல்லை.

"பெரியம்மா, அந்த உருண்டை லேசுப்பட்டதில்லைங்க. ஒண்ணு தின்னா ரெண்டு வேளைச் சோத்துக்குச் சமம்ங்க."

பாப்பாயி குதிர்ப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "அப்படிங்களா," என்றாள். மறுநாளே காளியாத்தாள் சாவடிக்கு வந்துவிட்டாள். ராமாமணிக்குத் தலைகால் புரியவில்லை. பலித்த வார்த்தையை யாராவது விடுவார்களா? மற்ற வீடுகளிலும் அதையே சொன்னாள். பதினைந்து நாளில் இருபத்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்து தின்றார்கள்.

திங்கட்கிழமைதோறும் எடை. ஐந்தாம் மாதம் காளியாத்தாள் எண்பத்து நாலு பவுண்டு. ஆறாம் மாதம் எண்பத்தைந்து. ஏழாம் மாதமும் எண்பத்தைந்து. வயிறு தள்ளுகிறது, தராசு முள் மட்டும் நகர மாட்டேன் என்கிறது. மற்றவர்களும் அப்படித்தான். உருண்டை இல்லாத ஊர்க்காரிகளைவிட இவர்கள் ஒரு பவுண்டுகூட அதிகம் ஏறவில்லை. டாக்டரம்மா ஜீப்பை விட்டு இறங்கி, தராசைச் சோதித்து, மாவு மூட்டைகளைச் சோதித்து, கடைசியில் ராமாமணியைப் பார்த்தார்.

"உருண்டையெல்லாம் இவங்க வயித்துக்குத்தான் போகுதா, ராமாமணி?"

ராமாமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடி என்று நேராகவே கேட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் போனதும் காளியாத்தாளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"திங்கறதெல்லாம் எங்க கண்ணு போகுது?"

காளியாத்தாள் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மாவை நக்கிக்கொண்டிருந்தாள். "இதுதானுங்களே அக்கா நாந் திங்கறது," என்றாள்.

"ஊட்டுல?"

"காலையில கூழு ஊத்துவாங்க. மத்த ரெண்டு வேளைக்கும் இந்த உருண்டையே ஆச்சுன்னு நீங்கதானுங்களே மாமியாகிட்டச் சொன்னீங்க. எனக்குப் போடற சோறு மிஞ்சறதால கொழுந்தனுக ரெண்டு பேருக்கும் பத்துதுங்க."

அவள் குரலில் குறையே இல்லை. ராமாமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடிப் பாவி, என்ன வார்த்தை சொல்லித் தொலைத்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மற்ற வீடுகளிலும் போய்க் கேட்டாள். எல்லா மாமியார்களும் அவள் பேச்சை அப்படியே நம்பி, மருமகள்களுக்குக் கணக்காக இரண்டு வேளையை நிறுத்தியிருந்தார்கள்.

பாப்பாயி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். ராமாமணி எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நாஞ் சொன்னது தப்புங்க பெரியம்மா. உருண்டை சோத்துக்குப் பதிலில்லைங்க, சோத்துக்கு மேல திங்கறதுங்க. அவளுக்கும் ரெண்டு வேளை வட்டல்ல சோறு போடோணுங்க."

பாப்பாயி முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அன்னைக்குச் சொன்னது பொய்யிங்களா?"

"பொய்யின்னு இல்லைங்க..."

"ரெண்டு வேளைச் சத்து அதுல இல்லீன்னா, எதுக்குங்க அம்மணி அரை நாளு வேலையக் கெடுத்துட்டு அங்க வந்து உக்காரோணும்? அவளும் ஊட்டுல இருக்கறத எங்களோட பங்கிட்டுக் குடிச்சுட்டுப் போறா."

மறுநாள் காளியாத்தாள் சாவடிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ராமாமணி விதியை மீறி, முந்தானையில் உருண்டையை முடிந்துகொண்டு காட்டுக்கே போனாள். மாமியாருக்குத் தெரியாமல் ஒளித்துத் தின்றால் பிள்ளைக்கு ஆகாது என்று காளியாத்தாள் மறுத்துவிட்டாள். ராமாமணி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், தொண்டை வறண்டதுதான் மிச்சம். எத்தனை வலிகளை மறக்கடித்த வாய் அது! இந்த ஒரு பெண்ணை ஒரு கவளம் விழுங்க வைக்க அதனால் முடியவில்லை. மற்ற வீடுகளில் அவள் திருத்திச் சொன்னதைச் சிலர் கேட்டுக்கொண்டார்கள், பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

காளியாத்தாளுக்கு எட்டரை மாதத்தில் பிள்ளை பிறந்தது. பெண். ராமாமணி தட்டுத் தராசோடு ஓடினாள். நாலு பவுண்டுக்கு ஓர் அவுன்ஸ் குறைவு. அழத் தெம்பில்லை, மாரில் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்திவிடும். டாக்டரம்மா ஜீப் அனுப்பினார். பச்சை உடம்புக்காரியைக் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது என்று வீட்டில் விடவில்லை. காளியாத்தாள் பிள்ளையை மடியை விட்டு இறக்கவே இல்லை. ஏழாம் நாள் தாண்டியதும் லேசாகச் சிரித்தாள். ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளை மடியிலேயே குளிர்ந்து கிடந்தது.

ராமாமணி பஸ் ஏறிப் போய் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் போனாள். டாக்டரம்மா திட்டவில்லை. மேஜையிலிருந்த, கர்ப்பிணிகளின் விவரம் எழுதும் அச்சுப் பாரத்தை எடுத்து மேலிருந்து கீழே வாசித்தார். பெயர், வயது, மாதம், எடை, உயரம், ரத்தம், உருண்டை தின்றாளா இல்லையா.

"வீட்டுல என்ன சாப்பிட்டாங்கன்னு இதுல ஒரு வரி இல்லை," என்றார். "இந்தக் கேள்விகளை எழுதினது நான். நீங்க ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிட்டீங்க. நான் கேட்கவே இல்லையே."

ராமாமணிக்கு அது ஆறுதலாக இல்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

பாரம் மாறியது. நேற்று வீட்டில் என்ன சாப்பிட்டாய், எத்தனை வேளை என்ற கேள்வி அதில் ஏறியது. பெற்றவள், பெறப்போகிறவள் எல்லோரிடமும் கேட்டு எழுதி வர வேண்டும். அந்த வேலையில் இருந்த மிச்ச வருஷங்களில் ராமாமணி எதையும் ஒரு பங்கு கூட்டிச் சொன்னதில்லை. ஊர்ப் பெண்கள் அவளை முசுடு என்றுகூடச் சொன்னார்கள்.

புதுப் பாரத்தோடு அவள் முதலில் போனது காளியாத்தாள் வீட்டுக்கு. பிள்ளை போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. வாசலில் பாப்பாயி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். காளியாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராமாமணிக்குப் பென்சிலைப் பிடிக்கவே கை கூசியது. ஆனால் கேட்கத்தான் வேண்டும்.

"நேத்து ஊட்டுல என்ன கண்ணு சாப்புட்ட?"

"நெல்லஞ்சோறுங்க அக்கா. செலவு ரசம், பூண்டுக் கொழம்பு. மூணு வேளையும் போட்டாங்க. பெத்த ஒடம்பு தேறோணும்னு மாமியா அவிய அண்ணன் ஊட்டுக்குப் போயி அரிசி வாங்கியாந்தாங்க."

ராமாமணி எழுதினாள். அரிசிச் சோறு, மருந்துச் சாமான் போட்ட ரசம், பூண்டுக் குழம்பு, மூன்று வேளை. தலை நிமிர்ந்தபோது காளியாத்தாளின் சேலை முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"இப்பத்தானுங்க அக்கா பாலு நல்லாச் சொரக்குது," என்றாள். "கட்டிக்கிட்டு வலி தாங்க முடியறதில்லைங்க. தெனமும் பீச்சிச் செவுத்துல உட்டுட்டு வாரேன்."