தோட்டத்துக் கிரேக்கரும் ஒற்றைக் கதிரையும்

பொறுமை இல்லாதவனுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் ஒரு நாளைக்கு நான்கு இடங்களுக்கு ஓடினேன். காலையில் மருத்துவமனை, பிறகு பாடசாலை, பிறகு சமூக உதவி அலுவலகம், பின்னேரம் யாராவது ஒரு வழக்கறிஞர். ஒரு இடத்தில் இருக்கும்போதே அடுத்த இடத்தில் கார் விட இடம் கிடைக்குமா என்று மனம் அடித்துக்கொள்ளும். "சாப்பிடேக்கையும் கார்த் திறப்பைக் கையிலை வச்சுக்கொண்டுதான் சாப்பிடுறியள்" என்பாள் மனைவி. அவள் சொன்னதில் பொய் இல்லை, கார்ச் சாவி எப்போதும் என் கையில்தான் இருக்கும்.

அந்த வேலையில் இரண்டு விதிகள் முக்கியமானவை. முதலாவது, யார் பேசினாலும் நான் 'நான்' என்றே சொல்ல வேண்டும். நோயாளி "எனக்கு நெஞ்சு நோகுது" என்றால், "அவருக்கு நோகிறதாம்" என்று சொல்லக் கூடாது. எனக்கு நோகிறது என்றே நோர்வேஜிய மொழியில் சொல்ல வேண்டும். சொந்தமாக ஏதாவது சொல்ல வேண்டி வந்தால் 'மொழிபெயர்ப்பாளர்' என்று, யாரோ மூன்றாம் ஆளைப்போல, என்னையே குறிப்பிட வேண்டும். இரண்டாவது விதி, எதிரே இருப்பவர் தெரிந்தவரானால் உடனே சொல்லிவிட்டு விலக வேண்டும். இதை அப்படியே கடைப்பிடித்தால் ஒஸ்லோவில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரும் பிழைக்க முடியாது. இங்கே யாருக்கு யாரைத் தெரியாது? ஆகவே சொந்தக்காரன் இல்லை, பக்கத்து வீடு இல்லை என்றால் தெரியாதவர் என்று நாங்களே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

அந்தப் பனிக்கால மாரியில் எனக்கு ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து வேலை கிடைத்தது. நாட்பட்ட நோவோடு வாழப் பழகும் வகுப்பு. துப்புரவு வேலை செய்து முழங்கால் தேய்ந்தவர்கள், பஸ் ஓட்டி நாரி, அதுதான் இடுப்பு, பிடித்தவர்கள் என ஆறு தமிழர்களை அவர்களுடைய வைத்தியர்கள் அனுப்பியிருந்தார்கள். வகுப்பை நடத்தியவர் அறுபது வயதிருக்கும் ஒரு நோர்வேஜியர். ஆள் நல்ல உயரம், கம்பளிச் சட்டை, அவசரம் என்பதையே அறியாத குரல். முதல் நாள் மேசையில் ஒரு பாண் ரொட்டியையும் ஒரு கூசாச் சாடியில் தண்ணீரையும் ஒரு துண்டு மண்ணிறப் பாற்கட்டியையும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆறாவது ஆளாக என் நண்பன் உள்ளே வந்தான்.

நண்பன் என்று எழுதிவிட்டேன். அன்றைக்கு நாங்கள் பேசி ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. எண்பதுகளின் கடைசியில் நோர்வேயின் வடக்கே, மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊரின் அகதி முகாமில் நாங்கள் ஒரே அறையில் இருந்தவர்கள். அங்கே அவித்த மீனும் அவித்த உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. அவன் ஊரிலிருந்து இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் மிளகாய்த்தூள் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு சிட்டிகை எனக்கு, ஒரு சிட்டிகை அவனுக்கு. அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல சாப்பாடு சாப்பிட்டுவிட்டேன், அந்த உருளைக்கிழங்கின் ருசி ஒன்றிலும் வரவில்லை.

வகுப்பை நடத்தியவர், அந்த ஊர் முறைப்படி, மொழிபெயர்ப்பாளரை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். நண்பன் சுவரைப் பார்த்தபடி, "எனக்கு இவரைத் தெரியாது" என்றான். மற்ற ஐந்து பேருக்கும் எங்கள் கதை அடி முதல் நுனி வரை தெரியும். ஐந்து பேரும் கூரையில் ஏதோ எழுதியிருக்கிறதுபோல மேலே பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீ தெரியாது என்றால் எனக்கும் தெரியாது. அவன் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு இருந்துவிட்டேன்.

அந்த மனிதர் நோவைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தால், அவர் ஒரு கிரேக்கரைப் பற்றிப் பேசினார். இரண்டாயிரம் வருடங்களுக்கும் முன்னால் ஏதென்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வாழ்ந்தவராம். இன்பம்தான் வாழ்வின் நோக்கம் என்று சொன்னதால் ஊரெல்லாம் அவரைத் தீனிப்பண்டாரம் என்று பழித்ததாம். உண்மையில் அவர் பாணும் தண்ணீரும்தான் சாப்பிட்டார், பாற்கட்டி கிடைத்தால் அது அவருக்கு விருந்து. உடம்பில் நோவில்லை, மனதில் கலக்கமில்லை, அவ்வளவுதான் இன்பம் என்பது அவருடைய கட்சி. "எனக்கு இன்றைக்குத் தேவையானதெல்லாம் இந்த மேசையில் இருக்கிறது" என்றார் வகுப்பை நடத்தியவர். அவர் சொன்னதை நானும் 'எனக்கு' என்றே தமிழில் சொன்னேன். மனமோ பன்னிரண்டரைக்கு இருந்த அடுத்த வேலையில் நின்றது.

அடுத்த கிழமை, இரண்டாம் வார வகுப்பில், அந்த மேசையில் பாணைக் காணவில்லை. எங்கள் ஆட்கள் கொண்டுவந்த ரோல்ஸும் வடையும் கட்லட்டும் அதை மூடிவிட்டன. கிரேக்கரின் விருந்து அவற்றுக்கு அடியில் கிடந்தது. நோர்வேஜியர் சிரித்துவிட்டு ஒரு வடையை எடுத்துக்கொண்டு, ஆசைகளைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். சில ஆசைகள் இல்லாமல் வாழ முடியாது. சில இருந்தால் நல்லது. இன்னும் சில வெறும் ஆசைகள், அவற்றுக்கு முடிவே கிடையாது. ஊர் என்ன சொல்லும் என்பதற்காகப் படும் ஆசை அந்த வகை.

முழங்கால் நோவோடு வந்திருந்த அக்கா ஒருவர் உடனே கையைத் தூக்கினார். "அப்ப பெரிய மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு செய்யிறது எந்தப் பக்கம்?"

கேட்ட பிறகுதான் அவவுக்கு உறைத்திருக்க வேண்டும். நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அதை மொழிபெயர்த்து, பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனதற்குச் செய்யும் கொண்டாட்டம் என்று விளக்கமும் சொன்னேன். நோர்வேஜியர் நன்றாக யோசித்தார். அவர் கேட்டதை நான் தமிழில் கேட்க வேண்டியிருந்தது, ஆறு பேரையும் பார்த்து, என் சொந்த வாயால்:

"அது ஆருக்காகச் செய்யிறது? பிள்ளைக்கு விருப்பமோ?"

ஐந்து வருடங்களுக்கு முன்னால் இதே கேள்வியைத்தான் என் நண்பன் என்னிடம் கேட்டான். என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. மண்டபம், பல்லக்கு, புகை விடும் இயந்திரம், இரண்டு வீடியோக்காரர் எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டேன். தனக்கு வேண்டாம், வகுப்புப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள் என்று அவள் என்னிடம் சொன்னாள், நான் கேட்கவில்லை. பிறகு தன் மாமாவிடம் போய் அழுதிருக்கிறாள். அவள் மாமா என்றது இவனைத்தான். ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியில் ஒரு பிறந்தநாள் வீட்டில், முப்பது பேருக்கு முன்னால், தட்டோடு வந்து நின்று கேட்டான். "பிள்ளை வேண்டாமெண்டு அழுகுது. ஆருக்கடா இந்தக் கூத்து? உனக்கோ, அவளுக்கோ?" எனக்குக் காது சுட்டது. விருப்பமில்லாட்டி வராதை என்றேன். அவன் வரவில்லை. அதற்குப் பிறகு தெருவில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

வீடியோ வந்தது. மூன்று மணி நேரம். மகள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. முதல் தரம் பார்த்தபோதே கவனித்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமை வீட்டுப்பாடம் தந்தார்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். "சும்மா இருந்தா மனிசி ஏசுவாள்" என்றார் பஸ் ஓட்டும் அண்ணை. அது அவர்களுக்குத் தந்த பாடம், எனக்கு அல்ல. ஆனாலும் வீட்டில் யாரும் இல்லாத ஒரு பின்னேரம் இருந்து பார்த்தேன். நான்காம் நிமிடம் யன்னல் கண்ணாடியில் ஒரு கறை தெரிந்தது. துடைத்தேன். ஒரு யன்னலைத் துடைத்தால் மற்றதை விட முடியுமா? மனைவி வேலையால் வந்தபோது வீட்டின் எல்லா யன்னல்களும் பளிச்சென்று இருந்தன. "என்ன, ஆரும் வருகினமோ?" என்று கேட்டாள்.

நான்காம் கிழமை சாவைப் பற்றிப் பேசினார்கள். நாம் இருக்கும்போது சாவு இல்லை, சாவு வரும்போது நாம் இல்லை, பிறகேன் பயம் என்பது கிரேக்கரின் வாதம். பஸ் அண்ணை தலையாட்டினார். "எனக்குச் சாவுக்குப் பயமில்லை. விடியக் காலமை ஊரிலையிருந்து வாற ரெலிபோனுக்குத்தான் பயம்." நோர்வேஜியர் ஒரு கிளாஸை எடுத்தார். தண்ணீரை ஊற்றி அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

இந்த நான்கு கிழமையும் என் நண்பன் ஒரே பதிலைத்தான் சொன்னான். அவன் முறை வரும்போது "நாரி நோ. அவ்வளவுதான்" என்பான். எனக்கு நாரி நோகிறது, அவ்வளவுதான் என்று நான் நோர்வேஜிய மொழியில் சொல்வேன். அவனைப் பார்க்காமல் அவனாகப் பேசுவது எனக்குக் கஷ்டமாக இல்லை என்று நானே என்னை நம்ப வைத்திருந்தேன். உண்மையில் திங்கள் இரவுகளில் எனக்கு நித்திரை வருவதில்லை.

ஐந்தாம் கிழமைப் பேச்சு நண்பர்களைப் பற்றி. தட்டில் என்ன இருக்கிறது என்பதைவிட எதிரே யார் இருக்கிறார் என்பதுதான் அந்தக் கிரேக்கருக்குப் பெரிது என்றார் நோர்வேஜியர். பிறகு ஒவ்வொருவரையும் கேட்டார்: நீங்கள் யாரோடு சாப்பிடுகிறீர்கள்? அக்கா, பிள்ளைகளோடு என்றார். பஸ் அண்ணை, தொலைக்காட்சியோடு என்றார். பிறகு என் நண்பனின் முறை வந்தது. அவன் கலியாணம் கட்டவில்லை.

"நான் நிண்டுகொண்டுதான் சாப்பிடுறனான். அடுப்படியிலை."

நான் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன், அடுப்புக்குப் பக்கத்தில் என்று சொன்னேன்.

"முந்தி ஒருத்தனோடை இருந்து சாப்பிட்டனான். அவன்ரை மகளுக்காக ஒரு கதை கதைச்சனான். கதைச்சது சரி. ஆனா சனத்துக்கு முன்னாலை வச்சுக் கதைச்சது பிழை. அவனுக்கு அது வெட்கமாப் போட்டுது. இந்த நாரி நோவை எப்பிடியும் தாங்கலாம். அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு."

நான் ஒவ்வொரு வசனமாக மொழிபெயர்த்தேன். நான் சொன்னது சரி. நான் அதை ஆட்களுக்கு முன்னால் சொன்னது பிழை. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. நோர்வேஜியர் அவனைப் பார்த்து, வழக்கமான அந்த நிதானத்தோடு ஒரு கேள்வி கேட்டார். டேய் என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவனை நான் மரியாதை போட்டுக் கேட்டேன்.

"நீங்கள் இதை அவரிட்டைச் சொன்னனீங்களோ?"

அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான்.

"இப்பத்தான் சொன்னனான்."

மொழிபெயர்க்க மிகச் சுலபமான வசனம். எனக்கு வாய் வரவில்லை. ஏழெட்டு வருட வேலையில் அப்படி ஒரு நாளும் நின்றதில்லை. நோர்வேஜியர் காத்திருந்தார். அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். கடைசியில், விதி சொல்லித் தந்த முறையிலேயே, மூன்றாம் ஆளைப்போலச் சொன்னேன்: மொழிபெயர்ப்பாளருக்கு இவரைத் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்கு இவரைப் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தெரியும். மொழிபெயர்ப்பாளர் இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. வகுப்பை அத்துடன் நிறுத்தி, எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். என்னை அனுப்பிய அலுவலகம் கோபப்பட்டது, அது நியாயம்தான். எழுத்தில் ஒரு கண்டனம் வந்தது. ஆறாம் கிழமைக்கு வேறு ஒருவரை அனுப்பினார்கள், சென்னையிலிருந்து படிக்க வந்த பெண்பிள்ளை. அவளுடைய தமிழ் படத்தில் கதைப்பதுபோல நல்லாயிருந்தது, ஆனால் நாரி என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை என்று பிறகு அக்கா சொன்னார்.

அன்றைக்கு நான் வெளியே வந்தபோது அவன் ஹவுகெட்டோ ஸ்டேஷன் பக்கமாகப் பனியில் நடந்துகொண்டிருந்தான், நாரியில் ஒரு கையை வைத்தபடி. பக்கத்தில் காரை நிறுத்தினேன்.

"ஏறு."

"உனக்கு அடுத்த வேலை இருக்கும்."

"இருக்கு. ஏறு."

அவன் வீட்டில் சமைக்கும் குசினி சிறியது, துப்புரவானது. மேசைக்கு முன்னால் உட்கார ஒரு கதிரை. ஒன்றே ஒன்று. அதன்மேல் பழைய பத்திரிகைகள் அடுக்கிக் கிடந்தன. அவன் அவற்றைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டுக் கதிரையை என் பக்கம் தள்ளினான். முந்தின நாள் மீன்குழம்பைச் சூடாக்கி, சோறு போட்டுத் தந்துவிட்டு, தன் தட்டோடு அடுப்பில் சாய்ந்து நின்றான். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. பன்னிரண்டரை மணி வேலைக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் தேடுகிறார்கள். அதை நிறுத்தினேன். அவன் சொல்ல வேண்டியதை என் வாயாலேயே சொல்லி முடித்துவிட்டான். நான் சொல்ல வேண்டியது அப்படியே கிடந்தது, அதைச் சொல்லித்தர யாரும் பக்கத்தில் இல்லை.

"பிள்ளைக்கு விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான். சனத்துக்காக."

"சாப்பிடு. ஆறுது" என்றான்.

அழுகையை அடக்க முடியவில்லை. குழம்பு உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். அவனும் ஓம் என்றான். இருபது நிமிடம் இருந்திருப்பேன். அதற்குள் என் கால் மேசைக்குக் கீழே ஆடத் தொடங்கிவிட்டது. "போடா, போ. திறப்பைக் கையிலை எடுத்திட்டாய்" என்று சிரித்தான். பார்த்தால் உண்மையாகவே திறப்பு கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது.

சனிக்கிழமை காலை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக் காரின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தேன். விருந்தாளிகளுக்கென்று எட்டுக் கதிரைகள் வாங்கி வைத்திருந்தோம். மகள் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு இப்போது பதினெட்டு. என்னோடு தேவைக்கு மட்டும் கதைப்பாள்.

"எங்கை கொண்டுபோறியள் அப்பா?"

"மாமா வீட்டை. அங்கை ஒரு கதிரைதான் இருக்கு."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி ஐந்து வருடம். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். அவள் கோபம் ஆறவில்லை, எப்படி ஆறும் என்று நினைத்துக்கொண்டு கயிற்றை இழுத்துக் கட்டினேன்.

கதவு திறந்தது. ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கதிரையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியபடி மகள் படியால் இறங்கி வந்தாள்.

"கயித்தை அவிழுங்கோ," என்றாள். "இதையும் வைக்கோணும்."