கடலைப் பார்க்காத விளக்குகள்

பெங்களூர் விவேக் நகர் நோராவுக்குப் பத்தொன்பது வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை. வைட்ஃபீல்டில் அவள் ஒயர் இழுக்காத அபார்ட்மென்ட் குறைவு. போன மாசியில் கர்நாடகக் கரையோரம் ஹொன்னாவர் பக்கம் ஒரு கடற்கரை விடுதிக்கு விளக்கு மாட்டப் போனாள். சுவர் நெடுக முப்பது வெள்ளை விளக்குகள். எரியவிட்டதும் மணல் பகலாகிவிட்டது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கரைக்குப் போனாள். வனத்துறைக் காவலர் மஞ்சுநாத் வாளியோடு குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். தீப்பெட்டி அளவு ஆமைக் குஞ்சுகள். அவற்றின் தடங்கள் கடலுக்குப் போகவில்லை, சுவருக்கு வந்திருந்தன.

"கடல் மேல இருக்கிற வெளிச்சத்தைப் பாத்துதான் இதுங்க தண்ணிக்குப் போகும் மேடம்," என்றார் கோலாரில் தமிழரோடு வளர்ந்த மஞ்சுநாத். "நேத்து உங்க லைட்டைப் பாத்து இங்க வந்துடுச்சு."

சுவரோரம் பல குஞ்சுகள் எறும்பு மொய்த்துக் கிடந்தன. நோரா செருப்பைக் கழற்றிவிட்டுச் செடிகளுக்குள் கைவிட்டுத் தேடினாள். உயிரோடு கிடைத்தவற்றை இருவரும் ஈர மணலில் விட்டார்கள்.

"இன்னும் முட்டை இருக்கா?"

"மூணு குழியில இருக்கு. அடுத்தது பொரிய பன்னெண்டு நாள் ஆகும்."

நேரே விடுதி மேலாளர் ரவிக்குமாரிடம் போனாள். "அந்த வரிசை இனி எரியாது சார்."

"கெஸ்ட் இருட்டுல எப்படிம்மா நடப்பாங்க?"

"பாதைக்கு முட்டி உயரத்துல செம்மஞ்சள் லைட் போடுறேன், கடல் பக்கம் மூடி. அந்த நிறம் ஆமைக் கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. மாட்டினவ நான், தப்பும் என்னுது. நானே மாத்தித் தர்றேன்."

"ஓனர் ஒத்துக்கணுமே?"

"இப்பவே சுவர்கிட்ட கூட்டிட்டு வாங்க."

ஓனர் வந்து பார்த்தார். "மாத்திடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெங்களூரிலிருந்து முதலாளி கில்பர்ட் போனில் கத்தினார். "மாட்டினதை நீயே கழட்டுறியா? உனக்கென்ன ஹுச்சு, பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"வந்து பேசிக்கலாம் சார்," என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஏணியில் ஏறினாள். ஒன்பது நாளில் வேலை முடிந்தது. ஆனாலும் ஊர் திரும்பவில்லை.

பதின்மூன்றாம் நாள் விடிவதற்குச் சற்று முன் மணல் அசைந்தது. பால் பொங்குவதுபோலக் குஞ்சுகள் வெளியே வழிந்தன. ஒரு கணம் தயங்கின. பிறகு மொத்தக் கூட்டமும் கடல் பக்கம் திரும்பித் துடுப்புப் போட்டது.

"ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரலை மேடம்!" மஞ்சுநாத் சிரித்தார்.

இப்போது கடலோர வேலை எது வந்தாலும், அன்று போனில் கத்திய அதே கில்பர்ட் வரைபடத்தை முதலில் நோராவிடம்தான் நீட்டுகிறார். அவளும் முதலில் ஒன்றுதான் கேட்கிறாள்: "இதுல கடல் எந்தப் பக்கம் சார்?"