சேத்ராவின் சக்களத்தி

பிர்கித் துறைமுகத்தில் மீன் விற்ற சேத்ராவுக்குப் புருஷன்மேல் சந்தேகம் என்பது ஊருக்கே தெரியும். யாரை வைத்துச் சந்தேகம் என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

வெல்தூர் நல்ல அழகன். அவன் துறையில் நடந்து போனால் வலை உலர்த்தும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சேத்ரா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களை அவளுக்குத் தெரியும். அவர்களைச் சமாளிக்கவும் தெரியும். அவளை அரித்தது வேறு. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு விடியலிலும் அவன் அவள் பக்கத்தில் இருந்ததில்லை. இருட்டோடு எழுவான். தலைவாரி, ஆலிவ் எண்ணெய் தடவி, வெளுத்த துணி கட்டிக்கொண்டு படகுக்குப் போவான். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு இத்தனை அலங்காரம் எதற்கு?

கேட்டால், "தேசன் அம்மா முகத்துல முழிக்கணும்ல, அழுக்காவா போய் நிப்பாங்க?" என்பான்.

தேசன் விடியலின் தேவி. கிழக்கு மலைக்கு மேல் அவள் தலை தெரிந்ததும் படகுக்காரர்கள் முதல் மிடறு ஒயினை அவளுக்காகக் கடலில் ஊற்றுவார்கள். சேத்ராவும் சின்ன வயதிலிருந்து அவளைக் கும்பிட்டவள்தான்.

அந்தக் கும்பிடு ஒரே நாளில் போயிற்று. மேட்டு நகரமான கெய்ஸ்ராவில் ஒரு பெரிய வீட்டுக்கு அவள் மீன் கொடுத்து வந்தாள். அன்று வீட்டம்மா தலைபின்னிக்கொண்டிருந்தாள். வெண்கலக் கண்ணாடி மடியில் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் ஒரு சித்திரம். சிறகு முளைத்த ஒரு பெண், வாலிபன் ஒருவனைக் குழந்தை மாதிரி இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஓடுகிறாள். அவன் திமிறவில்லை. சொகுசாகப் படுத்திருந்தான்.

"யாரும்மா இது?"

"தேசன்தான். தெரியாதா உனக்கு? அழகான ஆம்பளையக் கண்டா விடமாட்டா. விடியறதுக்குள்ள தூக்கிட்டுப் போயிடுவா." வீட்டம்மா கண்ணைச் சிமிட்டினாள். "உன் வீட்டுக்காரன் எப்படி?"

சேத்ரா கிளம்பிவிட்டாள். மீன் கூடையை மறந்து வைத்துவிட்டுப் பாதி வழி வந்தவள், திரும்பப் போய் எடுத்து வந்தாள்.

அதன்பிறகு எல்லாமே கண்ணில் பட ஆரம்பித்தது. கடலிலிருந்து வரும்போது வாய்க்குள் பாட்டு. வந்து உட்கார்ந்ததும், "இன்னிக்கு அவ இருந்த இருப்பப் பாக்கணுமே! மாதுளம்பூ மாதிரி" என்ற பேச்சு. சேத்ரா சிவப்புச் சாயம் தோய்த்த புது உடை கட்டிக்கொண்டு முன்னால் நின்றபோது அவன் சொன்னது, "நல்லாத்தான் இருக்கு" என்பது மட்டும்.

ஒரு நாள் அவன் ஜாடியிலிருந்த ஒயினைக் கொட்டிவிட்டுக் காடியை நிரப்பி அனுப்பினாள்.

மதியம் அவன் வெறும் வலையோடு வந்தான். "அம்மாவுக்கு ஊத்துறேன், மூக்கைத் துளைக்குது புளிப்பு. படகே சிரிச்சுது. ஒரு மீன் வரல. என்ன காரியம்டி இது?"

"ஏன், அந்த மகாராணிக்குக் காடி எறங்காதோ?"

"சாமியப் பத்திப் பேசுற, வாயக் கழுவு."

"எனக்கு ஒரு நாளாவது தலைவாரிக்கிட்டு வந்திருக்கியாய்யா நீ?"

வெல்தூருக்கு ஒன்றும் புரியவில்லை. "கடல்லேர்ந்து பாத்தா அவ நம்ம வீட்டுக்குப் பின்னாலதான் எழுந்து வர்றா. அவளப் பாக்கறப்ப நம்ம கூரையத்தான் பாக்கறேன்" என்றான்.

"அதுக்கும் ஒரு பதில் வச்சிருக்க பாரு" என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஆண்டு அவள் பிள்ளைத்தாய்ச்சியானாள். சாயங்காலம் பிடித்த வலி விட்டுவிட்டு நீண்டது. மருத்துவச்சி லார்த்தி இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "தேசன் அம்மாவக் கூப்புடுடி. புள்ளைய வெளிச்சத்துக்குக் கொண்டாறது அவ வேலை" என்றாள்.

"அவ வேணாம்க்கா. வேற யாரையாச்சும் கூப்புடுறேன்."

"இதுக்கு வேற யாரு இருக்கா? ஏன்டி, அவளுக்கும் உனக்கும் கிணத்தடிச் சண்டையா?"

சேத்ரா பல்லைக் கடித்துக்கொண்டாள். நேரம் போகப்போக லார்த்தியின் கேலி நின்றது. பிள்ளை குறுக்கே நின்றது. கைவைத்துத் திருப்பப் பார்த்தாள், நகரவில்லை. அதன்பின் அவள் சேத்ராவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். அது சேத்ராவுக்குப் புரிந்தது. ஜன்னல் மெல்ல வெளுத்தபோது அவள் முழங்கையை ஊன்றி எழுந்து கத்தினாள்.

"ஏய்! தினமும் என் புருஷன வச்சுக்கறேல்ல! காடி ஊத்துனேன், ஆமா, நான்தான் ஊத்துனேன். அதுக்காகப் புள்ளையவா புடிச்சு வைப்ப? குடுத்துட்டுப் போடி!"

லார்த்தி நடுங்கிப்போய் அவள் வாயைப் பொத்தினாள். அந்தக் கத்தலில்தான் பிள்ளை திரும்பியது. பெண் குழந்தை. ராம்தா என்று பெயர் வைத்தார்கள்.

வெல்தூர் அன்று கடலுக்குப் போகாமல் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்திருந்தான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. உள்ளே வந்து குழந்தையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "இத்தன நாளா அவ மேலயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சேத்ரா ஈரத்துணியை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

துறை முழுக்கச் செய்தி பரவியது. மீன் வாங்க வருகிறவர்கள், "உன் சக்களத்தி சௌக்கியமா?" என்பார்கள். "வந்துட்டுப் போனா, வழக்கம்போல பூசிக்கிட்டு" என்பாள் சேத்ரா. வாய் சிரிக்கும், உள்ளே எரிச்சல் குறையாது. குழந்தைக்காகக் கோயிலுக்குத் தேன் பணியாரம் கொண்டுபோனபோதும், படியில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் திரும்பினாள்.

ராம்தா வளர்ந்து கெய்ஸ்ராவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். வெல்தூரின் கண்களில் வெள்ளை படர்ந்தது. முதலில் வலையின் கண்ணி தெரியவில்லை, பிறகு கரை தெரியவில்லை, கடைசியில் எதுவுமே தெரியவில்லை. படகை விற்றார்கள். சேத்ரா அழுதாள். அழுகைக்கு அடியில், இனி விடியலில் இவன் எனக்குத்தான் என்று ஒரு குரல் சொன்னது. அதை நினைத்து வெட்கப்பட்டாள். ஆனாலும் அது சொல்லிக்கொண்டே இருந்தது.

அவனோ இருட்டோடு எழுந்து, தலைவாரி, சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைக்குப் போய் மலைப்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். "எப்படி இருக்கா, சொல்லு."

"ஒரே மேகம். ஒண்ணும் தெரியல."

மறுநாளும் மேகம். அதற்கு மறுநாளும். வேனிற்காலம் பாதி கடந்தும் மேகம் கலையவில்லை.

"பாவம், அவளுக்கு உடம்புக்கு என்னமோ" என்றான் வெல்தூர்.

அந்தப் பரிவைத்தான் சேத்ராவால் தாங்க முடியவில்லை. "ஒரு நோவும் இல்ல! கல்லு மாதிரி இருக்கா. மலை விளிம்புல சூரை மீன வெட்டி வச்சாப்ல செவப்பு. மேல போகப் போகச் சிப்பியோட உள்பக்கம் மாதிரி. போதுமா?"

அவன் முகம் மலர்ந்தது. "அப்புறம்?"

அப்புறம் தினமும் சொல்ல வேண்டியதாயிற்று. நேற்றுச் சொன்னதையே சொன்னால் கண்டுபிடித்துவிடுவான். அதனால் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. நாளாக ஆக, அவன் எழும் முன்பே சேத்ரா கொல்லையில் நின்றாள்.

ஒரு நாள் அடுப்பில் கஞ்சி தீயும் வாசனை வந்தது. அவள் அசையவில்லை.

"சேத்ரா! கஞ்சி தீயுதுடி."

"தீயட்டும்."

"அப்படி என்னத்தப் பாக்கற, இவ்வளவு நேரமா?" வெல்தூரின் குரலில் ஒரு புகைச்சல். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

சேத்ரா மலைக்கு மேலிருந்து கண்ணை எடுக்காமல், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"உனக்குச் சொன்னா புரியாதுய்யா" என்றாள்.