மூஞ்சி மூஞ்சியாட்டமே தெரியோணும்

போன மாதம் ஒரு கேமரா வாங்கினோம். 'வாங்கினோம்' என்று சொல்வது என் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள. வாங்கியது என் மனைவி சாந்தாமணி. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அவள் கேமரா கேட்டது கார்த்திகையில். கைக்கு வந்தது மாசியில். நடுவில் என்ன நடந்தது என்கிறீர்களா? ஆராய்ச்சி! செய்தவன் அடியேன்.

சாந்தாமணி இங்கே கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று டியூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஏனுங்க, ஒரு சின்ன கேமரா வாங்கோணும். ஹேண்ட்பேக்குல அடங்கோணும். மூஞ்சி மூஞ்சியாட்டமே தெரியோணும். வெலை கையைக் கடிக்கக் கூடாது."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறாள், பாருங்கள். ஆனால் என் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான் — கேமரா.

"எங்கிட்ட உட்டுரு அம்மணி. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

யாரைப் படம் எடுக்க? எதற்கு? எப்போதைக்குள் வேண்டும்? ஒன்றும் கேட்கவில்லை. நிபுணர்கள் கேள்வி கேட்பார்களா என்ன?

முதல் வாரம் யூடியூப். ஒருவர் மெகாபிக்சல்தான் முக்கியம் என்றார். இன்னொருவர் மெகாபிக்சல் சுத்த ஏமாற்று, சென்சார் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல படம் என்றார். மூன்றாமவர் லென்ஸ்தான் எல்லாம் என்றார். மூவரையும் நம்பினேன். பதினான்கு மாடல்களை எடுத்து எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் வேறு. அதில் பாதி மாடல்களைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்பது அட்டவணையை முடித்த பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் போனிலேயே படம் எடுக்கிறார்களாம். சின்ன கேமராவுக்கு ஆளில்லையாம்.

விட்டேனா? ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அங்கே முப்பது மடங்கு ஜூம் கட்சிக்கும் பெரிய சென்சார் கட்சிக்கும் தினமும் சண்டை. நான் ஜூம் கட்சி. திருப்பூரிலிருந்து ஒருவர், மகள் பிறந்தநாளுக்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டார். மூன்று பத்தி எழுதி அனுப்பினேன். அவர் அன்று சாயங்காலமே வாங்கிவிட்டார். 'நன்றி சார்' என்று படமும் அனுப்பினார்.

என்னிடம்? இன்னும் கேமரா இல்லை!

மார்கழியில் சாந்தாமணி ஒருமுறை கேட்டாள். "பொங்கலுக்கு ஆஃபர் வரும்" என்றேன். தையில் கேட்டாள். "புது மாடல் வரப் போகுது. பழசு வெலை எறங்கும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆஹா, என் ஆராய்ச்சியை மதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் டீயை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஸ்டெல்லாக்கா அடுத்த புதன்கெழம கெளம்பறாங்க."

ஸ்டெல்லா, சாந்தாமணியோடு அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். இருபது வருடத்துக்கு மேல் இருவரும் ஒரே வார்டு, ஒரே டிபன் கேரியர். ஓய்வு பெற்று, மகளோடு இருக்க அயர்லாந்து போகிறார். இதெல்லாம் எனக்கும் தெரியும்.

"அதுக்கென்ன, ஏர்போர்ட்டுக்கு நானும் வாரேன்" என்றேன்.

அவள் போனை நீட்டினாள். வார்டில் நடந்த வழியனுப்பு விருந்தில் எடுத்த செல்ஃபி. எல்லோரும் மெழுகில் வார்த்த மாதிரி பளபளவென்று இருந்தார்கள்.

"நல்லாத்தானே இருக்குது?"

"அக்காவோட தழும்பு எங்கீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். ஸ்டெல்லாவின் இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு உண்டு. பல வருடங்களுக்கு முன்னால், ஜன்னி கண்ட ஒரு நோயாளி எவர்சில்வர் சொம்பை வீசி எறிந்தார். அது சாந்தாமணியின் முகத்துக்கு வந்தது. குறுக்கே பாய்ந்தவர் ஸ்டெல்லா. நான்கு தையல். போன், அந்தப் புருவத்தை ஒட்டவைத்து மினுக்கி வைத்திருந்தது.

"இதுல அழகு பண்றத ஆஃப் பண்ணிக்கலாமே..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பண்ணிப் பாத்தாச்சுங்க. அப்பவும் வழுவழுன்னுதான் வருது. அவிய மூஞ்சிய இப்புடியா நான் வெச்சுப் பாக்கறது? அதுக்குத்தான் கார்த்திகைலயே உங்ககிட்டச் சொன்னேன்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். டீ ஆறும்வரை டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே உக்கடத்துக்குப் போனோம். ஜமால் பாய் என்பவர் அங்கே பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்கிறார். நான் அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தேன். வெட்கம் கெட்டவன்.

பாய் கண்ணாடி மேஜைமேல் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். நான் தொண்டையைச் செருமினேன். "இதுல ஆப்டிகல் ஜூம் எத்தனை—"

"பாய், இவர ஒரொரு கேமராவுலயும் ஒரு படம் புடிச்சுக் காட்டுங்க" என்றாள் சாந்தாமணி.

முதல் படத்தில் சிவந்து போயிருந்தேன், வெயிலில் நின்ற தக்காளி மாதிரி. இரண்டாவதில் பத்து வயது குறைந்திருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. அவள் தலையை ஆட்டினாள். மூன்றாவதை பாய் பெரிதாக்கிக் காட்டினார். மூக்கின் மேல் மரு. மருவில் ஒற்றை முடி. தாடைக்குக் கீழே காலையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன ஒரு திட்டு. கண்ணுக்குக் கீழே இரண்டு பை.

"இது எங்க ஊட்டுக்காரருதானுங்க. இதையே குடுங்க."

"நல்ல கண்ணுங்கக்கா உங்களுக்கு" என்றார் பாய். "சென்சார் பெருசு. லென்ஸுல கீறல் இல்ல. பழசுதான், பேட்டரி மட்டும் புதுசு போட்டுத் தர்றேனுங்க."

"ஜூம் நாலு மடங்குதானே... தூரத்துல ஒரு பறவை இருந்தா?" என்றேன் நான்.

"எந்தப் பறவைங்க?" என்றாள்.

எல்லாம் பத்து நிமிடம். ஒரு சாதாரண போனின் விலையைவிடக் குறைவு. அந்த மாடல் என் பதினான்கில் இல்லவே இல்லை!

மறுநாள் ஸ்டெல்லா சர்ச் முடிந்து வந்தார். மூவரும் உக்கடம் பெரியகுளத்துக் கரைக்குப் போனோம். இருவரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதால் படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. மூன்று மாதம் படித்ததைக் காட்ட வேண்டாமா? இந்த மோடு, அந்த மோடு என்று திருகிக்கொண்டே இருந்தேன். படத்துக்காகச் சிரித்தபடியே நின்று இருவருக்கும் வாய் வலித்துவிட்டது.

"அண்ணா, புதன்கெழம எனக்கு பிளைட்டுங்க. அதுக்குள்ள முடிஞ்சுருமா?" என்றார் ஸ்டெல்லா.

சாந்தாமணி வெடித்துச் சிரித்துவிட்டாள். ஸ்டெல்லாவும்தான். பதற்றத்தில் என் விரல் பட்டு கிளிக் ஆகிவிட்டது. எந்த மோடில் என்று சத்தியமாகத் தெரியாது.

நல்ல படம். இருவர் முகத்திலும் வெயில். சாந்தாமணியின் கன்னத்து மங்கு, ஸ்டெல்லாவின் நெற்றிக் கோடுகள், புருவத்தின் நடுவே அந்த வெள்ளைத் தழும்பு... ஒன்றும் தப்பவில்லை. ஸ்டெல்லா அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நெம்ப வயசாயிருச்சு சாந்தா நமக்கு" என்றார்.

"ஆமாங்க்கா" என்றாள் இவள். பிறகு இருவரும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கேமராவுக்கு உறை மாட்டுவதில் மும்முரமாக இருந்தேன். உறை மாட்ட அவ்வளவு நேரம் ஆகாதுதான்.

இரண்டு பிரிண்ட் போட்டோம். ஒன்று அயர்லாந்து போயிற்று. இன்னொன்று எங்கள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. தினமும் சேலை எடுக்கும்போது சாந்தாமணி பார்க்கிறாள்.

நேற்று பவானியிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். "ஏனுங் மச்சான், வாஷிங் மெஷின் ஒண்ணு வாங்கோணுமுங்க. நீங்கதான் இதெல்லாம் நல்லா அலசுவீங்களாமா. எது நல்லாருக்குமுங்க?"

ஆறு கிலோவா ஏழு கிலோவா, மேலே திறப்பதா முன்னால் திறப்பதா... நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"உங்க ஊட்ல துணி தொவைக்கறது ஆருங்க மாப்ள?"



"அவகிட்டக் கேட்டுப்போட்டு கூப்படறேனுங்க."