ஃப்ரிட்ஜில் முளைத்த பூண்டு

குழந்தை பிறக்கும் முன்னே அதற்கென்று ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பதில் நான் கறார். வளைகாப்பு முடிந்து மகளை விழுப்புரத்திலிருந்து எங்கள் திண்டிவனம் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகும், ஒரு குல்லாகூட வாங்கவில்லை. பூண்டு மட்டும் வாங்கினேன். அது தாய்க்குத்தானே! பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டாமா?

மலைப்பூண்டு, தண்டோடு சேர்த்துக் கட்டிய கொத்துகள். "காத்தாட தொங்க உடுங்கம்மா, மழைக்காலம் வரைக்கும் தூங்கும். ஃப்ரிட்ஜுல மட்டும் வெச்சிடாதீங்க, குளிர் பட்டா முழிச்சிக்கும்" என்றார் கடைக்காரர். சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டேன். மகள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொள்வாள். "இவ்ளோத்தையும் நானா துன்னணும்? நாத்தத்துக்குப் பாப்பாவே ஓடிப்பூடும்மா!" என்று சிரிப்பாள்.

பெண் குழந்தை. நிறைமாதத்தில், வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோயிற்று. சுற்றுவதற்குத் துணி இல்லை. என் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றித்தான் மருமகன் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மகளுக்குப் பால் சுரந்தது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! ஒரு பல் பூண்டு தின்னாமலே சுரந்தது. வற்றட்டும் என்று மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டேன். சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தாள்.

துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "முன்னாடியே பூண்டு வாங்கினியேக்கா" என்று இழுத்தாள். வாயை மூடிக்கொண்டு போடி என்று வாசலோடு அனுப்பினேன். ஆனாலும் அவள் போனதும், மகள் கண்ணில் படக் கூடாதென்று அத்தனை பூண்டையும் கவரில் அடைத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் காய்களுக்குப் பின்னால் தள்ளினேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். அன்றுதான் மகள் தானாக எழுந்து சமையலறைக்கு வந்தாள். பச்சைமிளகாய் தேடி ஃப்ரிட்ஜைத் திறந்தவள், அந்தக் கவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பல்லுக்குப் பல் பச்சை முளை.

"குளிர்ல வெச்சது எப்டிம்மா முளைச்சிது?"

இத்தனை நாள் கழித்து வாய் திறந்து கேட்கிறாளே என்ற ஆசையில், "அதுக்குக் குளிருதாண்டி தோது. வெளியவே கெடந்திருந்தா தூங்கிக்கினே இருந்திருக்கும்" என்று உளறித் தொலைத்தேன்.

அவள் முளைகளைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்போ எம்புள்ளைக்கு என் வயித்துல என்னாம்மா தோதுப்படல?"

பெற்றவள் நான். அவளோடு தரையில் உட்கார்ந்து, அவள் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன்.