அம்மனுக்குக் கிடைத்த லீவு

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தேன். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், எங்கள் பெரிய டாக்டரிடம் காய்ச்சலுக்கு லீவு வாங்க முடியாது. லீவுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் தரவேண்டியவரும் அவர், லீவு தரவேண்டியவரும் அவர். அப்படி ஒரு சௌகரியம் அந்த மகராசனுக்கு.

ஆடித்தபசு நெருங்கிய வாரம். காலையிலேயே எனக்கு உடம்பு கொதித்தது, மேலெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலித்தது. வீட்டில் மூன்று வயது மகள். என் வீட்டுக்காரர் தறிக்குப் போய்விட்டால் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவேன். ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவாள். அவளுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்பதுதான் என் பயமெல்லாம். லீவு கிடைத்தால் அவளைச் சிவகிரியில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"சார், காய்ச்சல் அடிக்கு. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு. ரெண்டு நாள் லீவு வேணும்" என்றேன்.

அவர் பக்கத்தில் நின்ற கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்தார். "நர்சுக்கே காய்ச்சல்னா சீக்காளி எங்கன போவான்? தபசுக்கு ஊரே திரண்டு வருது, இந்தம்மாவுக்குப் படுக்கணுமாம்லா."

என் கையைத் தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. அவ்வளவு படித்த படிப்பு எதற்கு என்று தெரியவில்லை. இரண்டு மாத்திரையை மேஜைமேல் தள்ளினார். விழுங்கிவிட்டுப் போய், முந்தின நாள் பிறந்த பிள்ளைகளைக் குளிப்பாட்டினேன். காய்ச்சல்காரி கையில் பச்சைப் பிள்ளையைக் கொடுக்கலாம், காய்ச்சல்காரிக்கு லீவு மட்டும் கொடுக்கக் கூடாது. அதுதான் அங்கே வைத்தியம். அந்தப் பிள்ளைகளில் யாருக்கு என்ன ஒட்டியது என்று பிறகு எவனும் கேட்கவில்லை.

மறுநாள் ஒருத்திக்கு ஊசி போடக் கையை நீட்டியபோது வார்டு ஆயா என் முழங்கையைப் பார்த்துவிட்டாள்.

"சிஸ்டரம்மா, இது முத்துல்லா. அம்மன் வந்திருக்கா."

அவளே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். பின்னாலேயே நானும் போனேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார். செருப்பைக் கழற்றினார். வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக நின்று என் முழங்கையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயே, தெரியாமச் சொல்லிட்டேன், மனசுல வைக்காத" என்றார். அது எனக்குச் சொன்னதல்ல, கொப்புளத்துக்குச் சொன்னது. சர்டிபிகேட் என்ற பேச்சே இல்லை. "மூணு தண்ணி ஊத்துத வரைக்கும் இந்தப் பக்கம் வராத. வாசல்ல வேப்பிலை கட்டிரு" என்று ஏழு அடி தள்ளி நின்றே அனுப்பிவைத்தார்.

ஆனால் இனி மகளைச் சிவகிரிக்கு எப்படி அனுப்புவது? அம்மன் இறங்கிய வீட்டுப் பிள்ளையை யார் வீட்டுக்குள் சேர்ப்பார்கள்? அவளும் அதே அறையில்தான் கிடந்தாள். எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேலைக்குத் திரும்பிய சில நாளில் அவள் நெற்றியில் முதல் கொப்புளம் எழும்பியது. நான் பயந்தபடியே ஆயிற்று.

மறுபடியும் போய் நின்றேன். "சார், பிள்ளைக்கு வந்துட்டு. காய்ச்சல்ல அனத்துது. பக்கத்துல நான் இருக்கணும்."

அவர் செருப்பைக் கழற்றவில்லை. கொப்புளம் அவர் கண்ணெதிரே இல்லையே. "உனக்கா வந்திருக்கு? பிள்ளைக்கு வந்ததுக்கு ஒனக்கு எதுக்கும்மா லீவு? அம்மனே வீட்டுல இருக்காள்லா, அவ பாத்துக்கிடுவா."

"அப்ப இந்த வார்டையும் அவளே பாத்துக்கிடட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மெமோ வந்தது, சம்பளம் போனது. போகட்டும்.

மகள் பிழைத்துக்கொண்டாள். அரிப்புத் தாங்காமல் பிய்த்ததில் புருவத்துக்கு மேலே ஒரு குழி மட்டும் நின்றுவிட்டது. யாராவது கேட்டால், "அது அம்மன் போட்டது" என்பாள். நான் பக்கத்தில் இருந்தால் விடமாட்டேன்.

"அம்மன் மேல பழி போடாத. அது பெரிய டாக்டர் போட்டது."